நடக்கிறவர்களுக்கு எண் இல்லை

ரோடு என்பது தாரும் ஜல்லியும் மட்டும்தான் என்று தலித் எவரும் நம்பியதில்லை. யார் நடக்கலாம், யார் செருப்போடு நடக்கலாம், யார் சைக்கிளை ஏறி மிதிக்கலாம், யார் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும், யாருடைய பிணம் எந்த வழியாகப் போகவேண்டும் என்பதெல்லாம் ரோட்டில்தான் தீர்மானமாகி வந்திருக்கிறது. 1893ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனது ஒரு போக்குவரத்துப் பிரச்சினை. 1924ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றி இருந்த தெருக்களுக்காக நடந்தது ஒரு போக்குவரத்துப் பிரச்சினை. அதே 1924ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் எழுந்து நின்று, பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் எங்களைத் தடுக்கக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்ததும் அதுதான். நூறு வருஷமாகிவிட்டது. இப்போது 'போக்குவரத்து ஆய்வு', 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' என்று கனமான பெயர்களோடு கோப்புகள் வருகின்றன. இது இன்ஜினியர் சமாச்சாரம், நமக்கென்ன என்று நம் ஆட்கள் பல பேர் ஒதுங்கிப் போகிறார்கள். அந்தக் கோப்புக்குள்ளே யார் எண்ணப்படுகிறார்கள், யார் எண்ணப்படவில்லை என்று பார்த்தால் அது பழைய தெருச்சண்டைதான் என்று தெரியும். நான் செஞ்சியை வைத்துச் சொல்கிறேன்.

செஞ்சிக்கு வெளியூர்க்காரர்கள் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள். சுற்றுவட்டாரச் சனங்கள் கூட்டுரோட்டுக்கு வருகிறார்கள். திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம், சேத்துப்பட்டு ஆகிய ஊர்களிலிருந்து வருகிற சாலைகள் செஞ்சியில் கூடுகின்றன. காந்தி பஜாரில் நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகை. சீசனில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, நம்ம சனங்கள் சொல்கிற மார்க்கெட் கமிட்டிக்கு, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டி நிற்கும். வெள்ளிக்கிழமை வாரச்சந்தை. ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிழவர்கள் இருட்டிலேயே வந்துவிடுவார்கள். அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வண்டி வண்டியாகச் சனம். பௌர்ணமிக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குப் போகிற பஸ்ஸும் காரும் திண்டிவனத்தில் திரும்பி இந்த ஊரைக் கிழித்துக்கொண்டுதான் போகவேண்டும். ஊரைத் தாண்டினால் ரோடு கோட்டையையே கிழித்துக்கொண்டு போகிறது. வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே ராஜகிரி, நடுவே லாரி.

என் ஆயா பாக்கம் மலைப்பக்கத்திலிருந்து விறகு சுமந்துகொண்டு வந்து செஞ்சி பஜாரில் விற்றவள். "விடியறதுக்குள்ள வந்துடணும்டா. வெளிச்சம் வந்துட்டா ஊர்த் தெருவுல கண்ணு முளைச்சிடும்" என்பாள். அவள் நடந்த தூரத்தை யாரும் அளந்ததில்லை. அவள் தலையில் இருந்த சுமை எத்தனை கிலோ என்று எந்தக் கணக்கிலும் இல்லை. சாமான் ஏற்றிப்போகும் போக்குவரத்து என்று புத்தகத்தில் எழுதுகிறார்களே, அவளும் அதுதான்.

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேலை இல்லாமல் திரிந்த காலத்தில் நான் ஏழு நாள் சாலைக் கணக்கெடுப்புக்குக் கூலிக்குப் போனேன். ஒரு ஆலோசனைக் கம்பெனிக்குக் கீழே ஒரு ஏஜென்ட், அவருக்குக் கீழே நாங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட். சாலையோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அட்டையில் தாளைச் செருகிக் கையில் கொடுத்துவிடுவார்கள். தாளில் கட்டம் கட்டமாக இருக்கும். கார், ஜீப், வேன். ஆட்டோ. இருசக்கர வண்டி. மினி பஸ், பஸ். சின்ன லாரி, இரண்டு அச்சு லாரி, மூன்று அச்சு லாரி, அதற்கும் மேலே. டிராக்டர், டிரெய்லரோடு டிராக்டர். சைக்கிள். சைக்கிள் ரிக்‌ஷா. மாட்டுவண்டி. கைவண்டி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று. கால் மணிக்கு ஒருதரம் புதுக் கட்டம்.

முதல் நாள் காலையில் நாற்று நடப் போகிற பெண்கள் கூட்டமாக ரோட்டைக் கடந்தார்கள். அடுத்தாற்போல் கம்பும் கையுமாக இருளர் குடும்பம் ஒன்று. புல்லுக்கட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் பேனாவை வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தேன். கட்டம் இல்லை. மேற்பார்வை பார்க்க வந்தவரிடம் கேட்டேன், "சார், நடந்து போறவங்கள எங்க போடறது?"

"அவங்களப் போடத் தேவையில்ல தம்பி. இது வெகிகிள் கவுண்ட்."

"கைவண்டியப் போடச் சொல்றீங்க."

"கைவண்டி ரோட்ட அடைக்குது இல்ல, அதனால."

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அவரிடம் இருந்த தாளில் இல்லாததை அவர் எங்கே போய்ப் போடுவார்? ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. பின்னால் தெரிந்த ஒரு இன்ஜினியர் தோழரிடம் கேட்டுப் படித்தேன்.

எண்ணுகிற வண்டிகளை எல்லாம் ஒரே கணக்குக்குக் கொண்டுவருவதற்கு இந்திய சாலைக் காங்கிரஸ் ஒரு அளவு வைத்திருக்கிறது. பி.சி.யு. என்பார்கள், கார் அலகு. ஒரு கார் ஒன்று. அதை வைத்து மற்றதை அளக்கவேண்டும். 1990ல் போட்ட அவர்களுடைய 64ஆம் எண் கையேட்டின்படி மோட்டார் சைக்கிள் அரை. சைக்கிளும் அரை. பஸ்ஸும் லாரியும் மூன்று. டிரெய்லர் பூட்டிய டிராக்டர் நாலரை. சைக்கிள் ரிக்‌ஷா இரண்டு. கைவண்டி மூன்று. குதிரைவண்டி நாலு. மாட்டுவண்டி எட்டு. ஒரு மாட்டுவண்டி எட்டு கார்! படித்தவுடன் பெருமையாக இருந்தது, நம்ம வண்டிக்கு எட்டு மார்க்கா என்று. இது மார்க் இல்லை, இடைஞ்சலின் அளவு. ஒரு கார் போகிற வேகத்துக்கு யார் எவ்வளவு குறுக்கே நிற்கிறார்கள் என்கிற கணக்கு. கார்தான் அளவுகோல், மற்றவர்கள் எல்லாம் அதற்குத் தொந்தரவு. ஐம்பது பேர் தொங்கிக்கொண்டு வருகிற டவுன் பஸ் மூன்று கார். அந்த மூன்று காரில் மூன்று பேர் இருந்தாலும் கணக்கு அதேதான். மனிதரை எண்ணுகிற கணக்கில்லை இது, இடத்தை எண்ணுகிற கணக்கு. நடக்கிறவளுக்கு அதில் எண்ணே இல்லை. அவள் ஓரமாகப் போகிறாள், யாரையும் மறிக்கவில்லை, ஆகவே இல்லை.

நடக்கிறவர்களுக்கென்று கையேடே கிடையாதா என்றால், இருக்கிறது. 103ஆம் எண். அதில் ரோட்டைக் கடக்கிற இடத்தில் பாதசாரிக் கோடு போடலாமா வேண்டாமா என்று பார்க்க ஒரு சூத்திரம். ஒரு மணி நேரத்தில் கடக்கிறவர்களின் எண்ணிக்கையை, அந்த ஒரு மணியில் போகிற வண்டிகளின் எண்ணிக்கையால் இரண்டு தரம் பெருக்கு. நடுத்தடுப்பு இல்லாத சாலையில் பத்துக் கோடியைத் தாண்டினால் கடக்குமிடம் தேவை. தடுப்பு உள்ள சாலையில் இருபது கோடி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 500 வண்டி ஓடுகிற ரோட்டில், மணிக்கு 400 பேர் குறுக்கே போனால்தான் தடுப்பில்லாத சாலையில் கோடு கிடைக்கும். தடுப்பு கட்டிவிட்டால் 800 பேர் வேண்டும். நூறு வீடு உள்ள ஒரு சேரியில் கைக்குழந்தை முதல் கிழம் கட்டை வரைக்கும் எல்லோரும் ஒரே மணியில் போய் வந்துகொண்டிருந்தால்கூட அந்த எண் எட்டுமா? காந்தி பஜாரில் எட்டும். சேரி வாசலில் என்றைக்கும் எட்டாது. சூத்திரத்தில் சாதி என்ற எழுத்து இல்லை. எண்ணிக்கையில் சிறுத்தவர்கள் சாகலாம் என்பது மட்டும் இருக்கிறது. சேரி ஏன் சிறுத்து, ஊரைவிட்டுத் தள்ளி, ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிறது என்று அந்தச் சூத்திரம் கேட்காது.

அடுத்தது, எந்த நாளில் எண்ணுகிறார்கள் என்பது. வழக்கமான வாரம் ஒன்றில், திருவிழா, விசேஷம் இல்லாத ஏழு நாளாகப் பார்த்து எண்ணவேண்டும் என்பது நடைமுறை. செஞ்சிக்கு வழக்கமான வாரம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? அமாவாசை ஒன்று, பௌர்ணமி ஒன்று, நடுவில் நாலு வெள்ளிக்கிழமை, அறுப்புக்காலம், தை மாசம், ஆடி மாசம். விசேஷ நாளைக் கழித்துவிட்டு எண்ணினால் சாலையில் யார் அடிபடுகிறார்கள் என்பதே கழிந்துபோகும். பௌர்ணமி ராத்திரி தூக்கக் கலக்கத்தோடு வருகிற வேன், சேரி ஓரம் பால் பூத்துக்குப் போகிற பிள்ளையை அடிக்கிறது. அது கணக்கில் 'விசேஷ நாள்'.

இனி சட்டத்துக்கு வருவோம். நம் மாணவர்கள் பல பேர், 'சுற்றுச்சூழல் அனுமதி இல்லாம எப்படிங்க கட்டறாங்க' என்று கேட்கிறார்கள். அனுமதி கேட்கவேண்டிய அவசியமே இல்லாதபடி எல்லை வகுத்திருக்கிறது என்பதுதான் பதில். 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி கட்டடம் என்றால் 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பு இருந்தால்தான் முன் அனுமதி. அதாவது சுமார் 2,15,000 சதுர அடி. செஞ்சி மாதிரி ஊரில் பஸ் ஸ்டாண்டு கட்டினாலும் வணிக வளாகம் கட்டினாலும் கல்யாண மண்டபம் கட்டினாலும் அந்த அளவுக்குப் போவது அபூர்வம். அப்படியே போனாலும் கட்டடங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கிடையாது என்று அதே அறிவிக்கை விலக்கு கொடுத்துவிட்டது. நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்கு 2013 ஆகஸ்டில் எல்லையைத் தளர்த்தினார்கள். 100 கிலோமீட்டருக்கு மேல் நீளம் இருந்து, இருக்கிற தடத்தில் 40 மீட்டருக்கு மேல், புறவழிச்சாலையில் 60 மீட்டருக்கு மேல் கூடுதல் அகலம் எடுத்தால்தான் அனுமதி வேண்டும். துண்டு துண்டாகப் போட்டால் எதுவுமே அந்த எல்லையைத் தொடாது.

பெருநகரத்தில் ஒரு மாடிக் கடைவளாகம் வந்தால், தெருவில் நெரிசல் ஆகும் என்று பத்திரிகையில் எழுதவாவது ஆள் உண்டு. சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜாரை நடைபாதை வளாகம் ஆக்கி 2019 நவம்பரில் திறந்தார்கள். நடக்கிறவர்களுக்காகத்தான் என்றார்கள். நல்லது. கடைக்கு வந்து நடக்கிறவர்கள் அவர்கள். வேலைக்கு நடக்கிறவர்களுக்கு, விறகு சுமந்து நடக்கிறவர்களுக்கு யாரும் கல் பாவித் தருவதில்லை. சின்ன ஊருக்கு ஆய்வே கிடையாது, சின்ன ஊரின் ஓரத்தில் இருக்கிற சேரிக்குக் கேள்வியே கிடையாது.

2013ல் வந்த நிலம் எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யவேண்டும் என்கிறது. நிலம் இல்லாத கூலிக்காரர்கள், குத்தகைக்காரர்கள் பிழைப்பு என்ன ஆகும் என்பதையும் அதில் பார்க்கவேண்டும். நம்மவர்களுக்கு உதவக்கூடிய ஒரே இடம் அது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தை அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கி நாலாவது அட்டவணையில் வைத்துவிட்டார்கள். 2015ல் நஷ்டஈடும் மறுகுடியமர்த்தலும் நெடுஞ்சாலைக்கும் பொருந்தும் என்று ஆணை வந்தது; மதிப்பீடு வரவில்லை. நஷ்டஈடு யாருக்கு? பட்டா இருக்கிறவருக்கு. ரோட்டோரப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடிசை போட்டிருக்கிறவருக்குத் தாளில் வேறு பெயர், 'ஆக்கிரமிப்பாளர்'. 1892ல் வெள்ளைக்காரன் கொடுத்த பஞ்சமி நிலம் கைமாறிப் போனபோது ஆக்கிரமிப்பு என்ற வார்த்தை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நிலத்திலிருந்து துரத்தப்பட்டவன் ரோட்டோரத்துக்கு வந்தான். ரோட்டோரத்தில் அவன் ஆக்கிரமிப்பாளன்.

நமக்குப் பக்கத்திலேயே, திருவண்ணாமலை மாவட்டத்தின் வழியாகப் போகவிருந்த சென்னை-சேலம் எட்டுவழிச் சாலை வழக்கை எல்லோரும் பார்த்தோம். 2019 ஏப்ரல் 8ல் சென்னை உயர்நீதிமன்றம் நிலம் எடுத்ததை ரத்து செய்தது, சுற்றுச்சூழல் அனுமதி முதலில் வேண்டும் என்றது. 2020 டிசம்பர் 8ல் உச்சநீதிமன்றம், நிலம் எடுக்க அறிவிப்பு கொடுக்கும் முன்பே அந்த அனுமதி தேவையில்லை என்றது. நிலம் உள்ளவர்கள் போராடிய போராட்டம் அது, நியாயமான போராட்டம். அந்த நிலங்களில் களை பறித்தவர்கள் அந்த வழக்கில் எந்த இடத்தில் இருந்தார்கள் என்பதையும் நாம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மொழி இன்னொரு சுவர். 2020ல் புதிய வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் போடு என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2020 ஜூன் 30ல் சொல்லவேண்டியிருந்தது. நான் தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். மொழிபெயர்த்துக் கொடுத்தாலும் அந்தத் தமிழ் நமக்குப் புரியாது. ஒரு கருத்துக் கேட்பு நாளில் தமிழ்ச் சுருக்கம் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். எங்கள் பெரியம்மா என்னைப் படிக்கச் சொன்னார். 'முன்மொழியப்பட்ட செயற்பாட்டினால் ஏற்படக்கூடிய பாதகமான தாக்கங்கள் தணிக்கப்படும்' என்று படித்தேன். பெரியம்மா கேட்டார், "தணிக்கறதுன்னா? மழத் தண்ணி ஊட்டுக்குள்ள வருமா வராதா, அத்தச் சொல்லுடா." அந்தத் தாளில் அதற்குப் பதில் இல்லை. மேடையில் இருந்தவர்களிடம் கேட்டார். கேள்வியை எழுத்து மூலமாகத் தரச் சொன்னார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்ணிடம்.

பெரியம்மாவின் கேள்விதான் உண்மையான சுற்றுச்சூழல் கேள்வி. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. வீட்டு வாசல்படி ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஏறி வீட்டுக்குப் போன காலம் மாறி, இறங்கி வீட்டுக்குப் போகிறோம். சேரியை ஆதியிலேயே பள்ளத்தில்தானே வைத்தார்கள்! ஊர்ச் சாக்கடை வடிகிற திசையில்தானே வைத்தார்கள்! ரோடு அகலமாகி இரண்டு பக்கமும் கான்கிரீட் வாய்க்கால் கட்டும்போது, அந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பஜார் முடிகிற இடத்தில், சேரி தொடங்குகிற இடத்தில் வாய்க்காலும் முடிந்திருக்கும். சங்கராபரணி ஆறு வரைக்கும் கொண்டுபோய் விடுவதற்குப் பணம் பற்றாது. பாக்கம் மலையில் உருவாகி வீடூர் அணைக்கும் பிறகு புதுச்சேரிக்கும் போகிற ஆறு அது. நகரம் வளர்ச்சி அடைகிறதென்றால் அழுக்கு ஆற்றுக்குப் போகும், அதற்கு முன்னால் எங்கள் தெருவுக்கு வரும். வரைபடத்தில் அம்புக்குறி போட்டு 'இயற்கையான வடிகால்' என்று எழுதியிருப்பார்கள். சாதி போட்ட பள்ளத்தை இயற்கை என்று எழுதுகிறார்கள்.

ரோட்டுக்குப் போடுகிற ஜல்லி எங்கிருந்து வருகிறது என்பதை ரோட்டு அறிக்கை தனியாகக் கணக்குப் பண்ணாது. அது குவாரிக்காரர் அனுமதி, வேறு கோப்பு. ஐந்து ஹெக்டேருக்குக் கீழே உள்ள குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் சொல்லும் வரைக்கும் சின்னக் குவாரிகளுக்கு அந்தக் கேள்வியே இல்லை. கல் உடைத்து நெஞ்சில் தூசி அடைத்தவர்கள் எந்தச் சாலையின் தாக்கத்தில் வருவார்கள்? ஒன்றிலும் வரமாட்டார்கள்.

இவ்வளவு நேரம் ஆய்வே இல்லை, எல்லையே இல்லை என்று சொன்னேன். செஞ்சியில் ஒன்றுக்கு மட்டும் கண்டிப்பான எல்லை இருக்கிறது. கோட்டைக்கு. தொல்லியல் சட்டத்தை 2010ல் திருத்தி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று வைத்தார்கள். 2025 ஜூலை 11ல் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்ம செஞ்சி. இனிமேல் பக்கத்தில் பெரிய வேலை செய்தால் மரபுத் தாக்க மதிப்பீடு பார்க்கவேண்டும் என்கிறார்கள். பார்க்கட்டும். கல்லுக்கு முந்நூறு மீட்டர் காவல் இருப்பதில் எனக்குப் பொறாமை இல்லை. கல்லையும் நாங்கள்தானே ஏற்றினோம்? கல்லுக்குத் தருகிற முந்நூறு மீட்டரில், உயிருள்ள சனத்துக்கு மூன்று மீட்டர் நடைபாதையாவது தரக்கூடாதா என்பதுதான் கேள்வி. அந்த 100 மீட்டருக்குள் ஓட்டு வீட்டைக் காரை வீடாக்க முடியாமல் அனுமதிக்கு அலைகிறவர்களும் ஏழைகள்தான். உலகம் பார்க்க வருகிறது, ஊர் சுத்தமாக இருக்கவேண்டும் என்று சொன்னவுடனே முதலில் அகற்றப்படுவது தள்ளுவண்டி. 2014ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்து அட்டை கொடுக்காமல் யாரையும் கிளப்பக்கூடாது என்று நம் ஆட்கள் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

கோட்டை பற்றி இன்னொன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை சொல்வார்கள். நாலாவது ஒரு சின்ன மலை உண்டு, சந்திரகிரிக்குத் தெற்கே. அதன் பெயர் சக்கிலிதுர்க்கம். பழைய ஆவணங்களில் சமார் டிக்ரி என்றும் வரும். இரண்டும் தோல் தொழில் செய்த நம் சனத்தின் பெயர். ஆனந்தக் கோன், நாயக்கர், பிஜப்பூர்க்காரர், 1677ல் சிவாஜி, 1690 முதல் 1698 வரைக்கும் முற்றுகையிட்ட முகலாயர், 1714ல் செத்த தேசிங்குராஜா, 1750ல் பிரெஞ்சுக்காரர், 1761ல் இங்கிலீஷ்காரர் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். தேசிங்கின் குதிரைக்குக்கூட பாராசாரி என்று பெயர் இருக்கிறது. அந்தக் குதிரைக்குச் சேணம் தைத்தவன் யார்? கவலை இறைக்கிற தோல்பை, கேடயம், செருப்பு, லகான் எல்லாம் யார் கை பட்டது? எட்டு வருஷ முற்றுகையில் செத்த குதிரையை யார் இழுத்துப் போட்டார்கள்? ஒரு மலையே சாட்சிக்கு நிற்கிறது, டூரிஸ்டுகள் அந்தப் பக்கம் ஏறுவதில்லை.

இப்போது இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29ல் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். அக்டோபரில், தெரு, சாலை, நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. நான் வரவேற்கிறேன். 'காலனி பஸ் ஸ்டாப்' என்று கண்டக்டர் கத்தும்போது இறங்குகிறவனின் முதுகில் எத்தனை கண் பதியும் என்று இறங்கிப் பார்த்தவனுக்குத் தெரியும். அதே நியாயத்தில் சக்கிலிதுர்க்கத்தின் பெயரையும் மாற்றிவிடலாமா? வசவாக வழங்குகிற சொல் அது. ஆனால் அந்தக் கோட்டையில் நாம் இருந்தோம் என்பதற்கு எழுத்தில் மிஞ்சியிருக்கிற தடயமும் அந்தச் சொல்தான். மாற்றினால் நாலாவது ராஜா பெயரோ சாமி பெயரோ வைப்பார்கள். வசவும் போகும், தடயமும் போகும். என் யோசனை, பெயரை அந்தச் சனங்களே கூடித் தீர்மானிக்கட்டும். எந்தப் பெயர் வைத்தாலும், பழைய பெயர் என்ன, அங்கே யாருடைய உழைப்பு இருந்தது என்று பலகையில் எழுதி வைக்கவேண்டும். மரபுத் தாக்க மதிப்பீடு என்றால் இதையும் மதிப்பிடட்டும்.

கடைசியாகச் சாவு. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டிப் பாலத்தின் மேலிருந்து இறக்கினார்கள். சுமார் இருபது அடி உயரம். கீழே பாலாற்றங்கரையில் சுடுகாடு. போகிற வழியை நிலக்காரர்கள் வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். அந்தக் காட்சியைப் படம் பிடித்து வெளியே விட்ட பிறகு உயர்நீதிமன்றம் தானாக வழக்கு எடுத்தது. நான் அதைப் பார்த்தபோது பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாலத்துக்கும் மண் பரிசோதனை, வெள்ள அளவு, பாரம் தாங்கும் கணக்கு எல்லாம் பார்த்திருப்பார்கள். எத்தனை டன் லாரி போனாலும் தாங்கும். ஒரு பாடை எப்படிக் கீழே இறங்கும் என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். பாடைக்குக் கட்டம் இல்லை.

என் சொந்தக்காரர்கள் இருக்கிற ஒரு கிராமத்தில் இப்போது அதுதான் நடக்கிறது. சேரி ரோட்டுக்கு இந்தப் பக்கம், சுடுகாடு அந்தப் பக்கம். நெடுஞ்சாலை அகலமாகி நடுவில் தடுப்புச் சுவர் எழும்பிவிட்டது. திறப்பு விட்டது ஊர் வாசலில். பிணத்தைத் தூக்கிக்கொண்டு திறப்பு வரைக்கும் போய்ச் சுற்றிவரவேண்டும் என்றால், ஊர்க்காரர்கள் தங்கள் வாசலில் மோளம் அடிக்கக்கூடாது என்கிறார்கள். அதனால் பையன்கள் பாடையைத் தடுப்புச் சுவர் மேலே ஏற்றிக் கைமாற்றி இறக்குகிறார்கள், இரண்டு பக்கமும் சிவப்புத் துண்டு காட்டி லாரியை நிறுத்திவிட்டு. மனு கொடுத்தோம். அந்த இடத்தில் கடக்கிறவர்களின் எண்ணிக்கை போதாது என்று பதில் வந்தது. சூத்திரப்படி சரிதான். சுடுகாட்டுக்கு மணிக்கு எண்ணூறு பேர் போகமாட்டார்கள்.

ஆகவே நாம் எண்ணத் தொடங்கியிருக்கிறோம். அவர்கள் தாளில் இல்லாத கட்டங்களை நாமே கோடு போட்டு வைத்திருக்கிறோம். சுமையோடு நடக்கிற பெண். பள்ளிக்குப் போகிற பிள்ளை. புல்லுக்கட்டு. ஆடு மாடு ஓட்டுகிறவர். சக்கர நாற்காலி. பாடை. எந்த இடத்தில் கடக்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார்கள், மழை பெய்தால் தண்ணீர் எந்த வாசலில் எத்தனை படி ஏறுகிறது. அமாவாசைக்கு ஒரு நாள், பௌர்ணமிக்கு ஒரு நாள், சந்தைக்கு ஒரு நாள். எல்லாவற்றிலும் இடம், நேரம், தேதி போட்டு இரண்டு பேர் கையெழுத்து. தகவல் உரிமைச் சட்டத்தில் அவர்களுடைய கணக்குத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனுவோடு இணைக்கவேண்டும். கிராமசபையில் தீர்மானமாகப் போடவேண்டும். எல்லை 20,000 சதுர மீட்டராக இருக்கட்டும், 100 கிலோமீட்டராக இருக்கட்டும். சேரிக்கும் சுடுகாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குறுக்கே போகிற எந்த வேலைக்கும் ஆய்வு வேண்டும் என்பது நம் கோரிக்கை. தலித் அரசியல் பேசுகிற மாணவர்கள் கோட்பாட்டுப் புத்தகத்தோடு சேர்த்து அந்த 64ஆம் எண் கையேட்டையும் 103ஆம் எண் கையேட்டையும் வாங்கிப் படிக்கவேண்டும். அதிகாரம் இன்றைக்கு மனுதர்மத்தில் மட்டும் எழுதப்படவில்லை, பெருக்கல் வாய்ப்பாட்டிலும் எழுதப்படுகிறது.

வர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை செஞ்சிக்கு வாருங்கள். ஒரு நோட்டு, இரண்டு பேனா, ஒரு டார்ச் போதும். விடியற்காலை நாலு மணிக்கே வந்துவிடவேண்டும். தலைச்சுமைக்காரர்கள் அப்போதுதான் ரோட்டைக் கடப்பார்கள்.